எந்தக் கடலைங்க?

கோயம்புத்தூரில் விடிந்த முதல் காலையில் நான் சொன்ன முதல் பதிலுக்கே தவறான அர்த்தம் கிடைத்தது. தவறு என் சொல்லில்தான் இருந்தது என்பது விளங்க எனக்கு அன்று சாயங்காலம் வரை பிடித்தது.

லாட்ஜ் மேனேஜர் ரஹீம் பாய் என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கையிலிருந்து தனியாக வந்த தமிழ்ப் பெண் என்றால் எவருக்கும் இரண்டு கேள்வி கூடுதலாகத் தோன்றும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பத்து நாளைக்கு வாயை அடக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

"என்ன விசயமா வந்திருக்கீங்க?"

"கடலை பார்க்க."

அவர் பேனா நின்றுவிட்டது. "கோயமுத்தூர்ல கடல் ஏதுங்கம்மா? கடல் பாக்கோணும்னா கொச்சிக்கில்ல போகோணும்?"

"கடல் இல்லை ஐயா, கடலை. தின்கிற கடலை."

"அட, கடலையா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். "அது தாராபுரம், பொள்ளாச்சி, எங்க போனாலும் கிடைக்கும். ஊருக்கு எண்ணெயும் ஒரு டின் வாங்கிட்டுப் போங்க, கமகமன்னு இருக்கும்." கடலையில் ஏது எண்ணெய் என்று அந்த நிமிடமே நான் யோசித்திருக்க வேண்டும். பசி மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

நான் மாத்தளைப் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் வேலை செய்கிறேன். எங்கள் நாட்டில் சினிமாக் கொட்டகை வாசலிலும் கோயில் திருவிழாவிலும் மூக்குள்ள கடலையை அவித்து, தேங்காய்ச் சொட்டும் காய்ந்த செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்து, காகிதச் சுருளில் தருவார்கள். தின்னாத ஆள் கிடையாது. ஆனால் அங்கே விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது. எங்கள் காய்ந்த மேட்டு நிலத்தில் அதை விளைவித்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டியவள் நான்தான். தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து வரவழைத்த விதை பளபளவென்று, ஒரே அளவாக, பார்க்கவே ஆசையாக வந்து இறங்கியது. விதைத்தோம். பாதிக்கு மேல் தலைகாட்டவே இல்லை. தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் கூழாகிக் கிடந்தது.

என் மேலதிகாரி நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார்: "ராஜி, இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் முளைக்கவில்லையென்றால் அந்த நிலத்தில் மிளகாய் வைத்துவிடலாம்." அவர் மெதுவாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. விதை ஏன் செத்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், முளைக்கிற விதை பத்துக் கிலோவாவது கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு விலாசம்: சின்னச்சாமி, புதூர், தாராபுரம் வழி.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லி தின்றேன். எங்கள் ஊரில் சம்பலுக்கு உறைப்பு போதாது என்று சண்டை பிடிப்பவள் நான். இங்கே மூன்று சட்னி வைத்து, நான்காவதாக ஒன்று வேண்டுமா என்றும் கேட்டார்கள். பால் இல்லாத தேத்தண்ணி கேட்டபோது மட்டும் கடைக்காரர் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க, பாலு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். அவர் மனம் நோகக்கூடாதென்று பால் ஊற்றியே குடித்தேன்.

தாராபுரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் புதூர் என்றேன்.

"எந்தப் புதூருங்க?"

"புதூர். ஒன்றுக்கு மேல் இருக்கிறதா?"

"எண்ணுனா கை வெரலு பத்தாதுங்க. அங்க ஆரைப் பாக்கோணும்?"

"சின்னச்சாமி. கடலை போடுகிற சின்னச்சாமி."

பின் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கண்டக்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிள்ளைகள் மணிக்கணக்கில் அரட்டையடிப்பதற்கு இந்தப் பக்கம் 'கடலை போடுவது' என்று பெயராம். பிற்பாடு ரஹீம் பாய் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்னால் இருந்த இரு பெண்கள் கன்னடத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்காமலே மொழிபெயர்த்தார்: "நீங்க பேசறது மலையாளமா, இல்ல மலையாளம் கலந்த தமிழான்னு கேக்கறாங்க." சுத்தத் தமிழ் பேசுகிறேன் என்ற என் கர்வம் பல்லடம் வருவதற்குள் இறங்கிவிட்டது.

கண்டக்டர் பொறுப்பாகக் கடலை போடுகிற சின்னச்சாமியின் புதூரிலேயே என்னை இறக்கிவிட்டார். சின்னச்சாமி தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி நான் யார் என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார், பிறகு உட்கார வைத்தார், பிறகு இலை போட்டார். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு, மேலே நெய் ஊற்றிய சோறு. அரிசிம்பருப்பு என்றார்கள். எங்கள் ஊரில் பருப்புக்கு ஒரு சட்டி, சோற்றுக்கு ஒரு சட்டி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இத்தனை ருசி வரும் என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

சின்னச்சாமி வந்து, நான் நீட்டிய, விதையோடு வந்திருந்த கடிதத்தைப் பார்த்து, தலையாட்டி, "வாங்கம்மணி, தோட்டத்தப் பாக்கலாம்" என்று கூட்டிப்போனார். கிணற்று மேட்டில் ஏறிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை வட்ட இலைச் செடிகள். எனக்குத் தலை சுற்றியது.

"அண்ணே, இது கச்சான்!"

"கச்சானுங்களா? இது கடலைங்க. நெலக்கடலை."

அப்போதுதான் எனக்கு எண்ணெய் டின்னும் விளங்கியது. எங்கள் நாட்டில் கடலை என்றால் மூக்குக் கடலை. மண்ணுக்குள் காய்ப்பது கச்சான். இவர்களுக்குக் கடலை என்றால் மண்ணுக்குள் காய்ப்பது. மூக்குள்ளதைக் கொண்டக்கடலை என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். விதைத் துறையில் பதினான்கு வருடம் வேலை செய்கிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

"கடுதாசி நம்முளுது இல்லைன்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க," என்றார் சின்னச்சாமி சங்கடத்தோடு. "ஆனா சாப்புட்ட கை காயறதுக்குள்ள, ஆளு மாறி வந்துட்டீங்கன்னு எப்படிங்க சொல்றது?"

கடைசி பஸ் போய்விட்டதால் அன்று அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை அவரே மொபெட்டில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்து, கொண்டக்கடலைப் புதூருக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கையில் வறுத்த கச்சான் ஒரு பை.

அந்த பஸ்ஸில்தான் விஷயம் உடைந்தது.

ஜன்னலுக்கு வெளியே செம்மண் மறைந்து, உழுத கறுப்பு மண் வரத் தொடங்கியிருந்தது. எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை. கறுப்பு மண்ணும் தைப் பனியும் இருந்தால் என் கடலை தூரத்தில் இல்லை. திடீரென்று பஸ் மெத்தை மேல் ஓடுவது போலச் சரசரவென்று போயிற்று. அடியில் ஏதோ முறுக்கிக்கொண்டு கடகடத்தது. பஸ் நின்றது. டிரைவர் குதித்து இறங்கினார், பின்னாலேயே நானும் இறங்கினேன்.

தார் ரோட்டில் பாதி அகலத்துக்குக் காய்ந்த செடி பரப்பியிருந்தது. லாரியும் பஸ்ஸும் மேலே ஏறி இறங்கினால் காய் உடைந்து மணி உதிரும். பிறகு கூட்டி அள்ளித் தூற்றிக்கொள்ளலாம். ஆள்கூலி இல்லாத கதிரடிப்பு. அந்தச் செடிதான் கொத்தாக பஸ்ஸின் அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றோடு ஒரு பெண் ஓடிவந்தார்.

"ஏனுங்க, இப்படி மொத்தமாப் பரப்பலாமுங்களா? தீப்புடிச்சா என்னங்க பண்றது?" என்றார் டிரைவர்.

"நீங்க சித்த மெதுவா வந்திருக்கலாமுங்களே!"

"மெதுவாத்தானுங்க வந்தேன்!"

"வெசயா வந்துபோட்டு மெதுவான்னு சொல்றீங்களே, நாயமாங்க?"

எங்கள் நாட்டில் டிரைவர் ஒருவர் இப்படி நின்றால் முதல் வாக்கியத்திலேயே அம்மாவும் அப்பாவும் வந்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'ங்க' போட்டு அடித்துக்கொள்கிறார்கள். அதை ரசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. குனிந்து ரோட்டிலிருந்து ஒரு கை அள்ளினேன். பழுப்பு நிறம், சுருங்கிய உடம்பு, கிளி மூக்கு.

"கடலை!" என்று கத்திவிட்டேன். "இதுதான் என்ட கடலை!"

இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் என் சேலைக் கட்டையும் பேச்சையும் கவனித்து, முகம் மாறி, தாழ்ந்த குரலில் கேட்டார்: "நீங்க அந்தக் கடுதாசி போட்ட அம்மணிங்களா?"

அவர்தான் பழனாத்தாள், நான் தேடி வந்த சின்னச்சாமியின் மனைவி. அச்சில் சுற்றிய செடியை அறுத்தெடுத்து பஸ் கிளம்பிப் போன பிறகும் நான் அந்த மணிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஏறி வந்த பஸ்ஸே என் விதையை மிதித்திருக்கிறது.

கடிதத்தின் கதையை அவர் வீட்டுக்குப் போகிற வழியில் சொன்னார். "உங்கள் விதை முளைக்கவில்லை, காரணம் அறியத் தரவும்" என்று எங்கள் அலுவலகம் எழுதியிருந்தது. ஊருக்கு வரும் கடிதத்தையெல்லாம் தபால்காரர் பால் சொசைட்டியில் கொடுத்துவிடுவார். செயலாளர் அதைப் பிரித்து, பால் ஊற்ற வந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி படித்துவிட்டார். "அன்னைலிருந்து அவரு பாலூத்தப் போறதில்லீங்க. நாந்தான் போறேன். பொய் வெதை குடுத்தவன்னு ஆரும் வாய்விட்டுச் சொல்லலீங்க. ஆனா அவருக்கு அப்படித்தான் காதுல கேக்குது." அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.

சின்னச்சாமி ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். வாங்க என்றார், காப்பி கொடுக்கச் சொன்னார், பிறகு எழுந்து போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்து வைத்துவிட்டு எட்டி நின்றுகொண்டார். எங்களுக்கு அனுப்பியதில் மிச்சம் இருந்த விதை. அதே பளபளப்பு, அதே அளவு. புழு துளைத்த ஓட்டை இல்லை, வண்டு முட்டையிட்ட வெள்ளைப் புள்ளி இல்லை, முற்றாத பச்சை மணிகூட இல்லை. எல்லாக் குறையும் பொறுக்கி எடுக்கப்பட்ட அழகான விதை.

ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தேன். 'டக்' என்றது. அளவுக்கு மேல் காய்ந்திருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரும் தண்ணீரும் கேட்டேன். ஐம்பது மணியை எண்ணிப் போட்டேன்.

இது பெரிய விஞ்ஞானம் இல்லை. தோல் முழுசாக இருந்தால் கடலை தண்ணீருக்குள் கூழாங்கல் போலக் கிடக்கும், மெல்ல மெல்லத்தான் குடிக்கும். தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் தண்ணீர் குபுக்கென்று உள்ளே போய், பத்து நிமிடத்தில் தோல் நெளிந்து மணி ஊதிவிடும். ஈர மண்ணுக்குள்ளும் அதுதான் நடக்கும். முளை எழும்புவதற்குள் உள்ளே வெடித்து அழுகிவிடும்.

காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றாக நெளிய ஆரம்பித்தன. எண்ணினேன். இருபத்தெட்டு. சின்னச்சாமி டம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"நீங்கள் விதைப்பதும் இதைத்தானா?" என்றேன்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனாத்தாள் தயங்கித் தயங்கி உள்ளே போய் ஒரு மண் மிடாவைத் தூக்கிவந்தார். அதற்குள் இருந்ததைப் பார்த்தால் விதை என்றே யாரும் சொல்லமாட்டார்கள். சிறிதும் பெரிதுமாக, செம்மண் அப்பிய அழுக்கு உருண்டைகள். "இது நம்மளுக்கு வெச்சுக்கறதுங்க. களத்துல போட்டுத் தடியில அடிச்சு, வண்டு வராம இருக்கச் செம்மண்ணு கட்டி வெச்சிருவேன்."

ஐம்பதைக் கழுவி இன்னொரு டம்ளரில் போட்டேன். பத்து நிமிடம். கால் மணி. நெளிந்தது மூன்று.

"பின்னே ஏன் எங்களுக்கு இதைத் தரவில்லை?" என் குரல் வீட்டையே அதிர வைத்தது.

பழனாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடல் தாண்டிப் போறதுங்க. மண்ணப்பினதை ஒரம்பரைக்குக் குடுப்பாங்களா யாராச்சும்? களத்துல அடிச்சா தூசி, சாணம் ஒட்டும்னுட்டு, தார் ரோட்டுல சுத்தமாப் போட்டு எடுத்தமுங்க. ஈரம் இருந்துட்டா கப்பல்ல கெட்டுப்போகும்னு இவரு இன்னும் அஞ்சு நாளு வெயில்ல காய வெச்சாரு. பத்து நாளு உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்குனேனுங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் அலட்சியம் செய்யவில்லை. ஒரம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, நல்லதைக் கொடுக்க வேண்டுமென்று பார்த்துப் பார்த்துச் செய்தே விதையைக் கொன்றிருக்கிறார்கள். காய்ந்து முறுகிய மணியின் மேல் லாரி ஏறினால் கீறாமல் என்ன செய்யும்? வீட்டு மனிதர்களுக்கென்று ஒதுக்கிய அழுக்கு விதைதான் உயிரோடு இருந்தது.

அந்த மிடாவையே கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்கள் என்பதாலேயே கேட்கக் கூடாது. அது அவர்களுடைய அடுத்த விதைப்பு. அதோடு மண் ஒட்டிய விதையை எங்கள் நாட்டுக்குள் விடவும் மாட்டார்கள். ஆனால் வயல் ஓரத்தில் அறுத்துக் குவித்த செடி இன்னும் ஒரு போர் இருந்தது. ரோட்டுக்குப் போகாதது.

"இதை அடிப்போம்," என்றேன்.

"ஆளுங்க?" என்றார் சின்னச்சாமி. காலையில் திருப்பூர் பனியன் கம்பெனி வேன் வந்து ஊரில் இருக்கிற கை காலையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் எல்லாருமே ரோட்டை நம்புகிறார்கள். "நாலு பேராச்சும் வேணுமுங்க."

"மூன்று பேர் இங்கேயே நிற்கிறோம்," என்றேன். பழனாத்தாள் ஏற்கனவே சேலையை வரிந்து கட்டிக்கொண்டிருந்தார்.

நான்காவது ஆள் தானாக வந்தார். மறுநாள் காலை களத்துக்குப் பக்கத்தில் மொபெட் சத்தம் கேட்டது. கச்சான் சின்னச்சாமி! "அம்மணி பத்தரமாப் போய்ச் சேந்தாங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றார். அவருக்கும் ஒரு தடி கொடுத்தோம். இரண்டு சின்னச்சாமிகளும் எதிரெதிரே நின்று மாறி மாறி அடித்தார்கள். நேரம் பார்ப்பதுதான் அதில் வித்தை. விடியற்காலைப் பனியில் அடித்தால் காய் பிரியாது. உச்சி வெயிலில் அடித்தால் மணி உடையும். பனி விட்டு, சூடு ஏறுவதற்கு முன் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பழனாத்தாள் ஒரு காயைக் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே மணி ஆடுகிற சத்தம் வர வேண்டும், ஆனால் கணகணக்கக் கூடாதாம்.

நான் அடித்த அடியில் பாதி தரையில்தான் விழுந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கடலைச் செடியின் புளிப்பு அந்தக் கொப்புளத்தில் பட்டு எரிந்தது. விரலை நக்கினால் மாங்காய் தின்றது போல வாய் கூசியது. எனக்கோ குதிக்கத் தோன்றியது. பதினான்கு வருடமாகப் பரிசோதனைத் தட்டில் பார்த்த விதையை முதல் தடவையாகத் தடியால் அடித்து எடுக்கிறேன். இரண்டு காலை அடித்து, தூற்றி, நிழலில் உலர்த்தினோம். புழு துளைத்ததையும் பச்சையையும் பொறுக்கித் தள்ளினோம். பதினோரு கிலோ வந்தது.

சாக்கைக் கட்டும்போது பழனாத்தாளுக்கு மனசே இல்லை. "பார்வைக்கு நல்லாவே இல்லீங்கம்மணி. அந்தப் பளபளன்னு இருக்கறதுல மேலாப்புல ரெண்டு படி போட்டு உடட்டுங்களா?"

"அக்கா!" என்று நான் கத்தியதில் கச்சான் சின்னச்சாமி கையிலிருந்த காப்பி சிந்தியது. எல்லோரும் சிரித்தோம். சின்னச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. "மொளைக்குங்களா?" என்றார். நான் வந்ததிலிருந்து அவர் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

நூறு மணியை ஐந்து நாள் ஈரத்துணியில் முளைக்க வைத்துப் பார்த்துவிட்டுத் தெரிவிக்கிறேன் என்றேன். ஊருக்கே பால் சொசைட்டியில்தான் போன் இருந்தது.

"பொழுதோட பால் ஊத்தற நேரத்துக்குக் கூப்புடுங்கம்மணி," என்றார் பழனாத்தாள். "எல்லாரும் இருப்பாங்க."

"மத்தியானம் கூப்புட்டாப் போதுமுங்க," என்றார் சின்னச்சாமி உடனே. "அப்ப ஆரும் இருக்க மாட்டாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழனாத்தாளைப் பார்த்துத் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது.

கோயம்புத்தூருக்குத் திரும்பி, விதையில் பூச்சி இல்லை என்று சான்றிதழ் வாங்குவதற்காக மூன்று நாள் அலுவலகப் படி ஏறி இறங்கினேன். லாட்ஜ் அறையில் நூறு மணியும் வெள்ளைத் துணியில் பத்துப் பத்தாக வரிசை பிடித்துச் சுருண்டு கிடந்தன. நான் வெளியே போகும்போது தண்ணீர் தெளிக்கிற பொறுப்பு ரஹீம் பாயுடையது. "சிறுவாணித் தண்ணி தெளிக்கறேன். மொளைக்காம எங்க போயிரும்?" என்பார். இரண்டாம் நாளிலிருந்து காலையில் என்னைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாக "பிரிச்சுப் பாக்கலாங்களா?" என்றுதான் கேட்டார். நான் விடவில்லை. பாதியில் பிரித்துப் பார்த்து ஏமாற எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் நாள் மாலை, கணக்குப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, லாட்ஜ் மேசையிலேயே துணியைப் பிரித்தோம். ரஹீம் பாய் எண்ண, நானும் எண்ணினேன். அவருக்குத் தொண்ணூறு வந்தது, எனக்குத் தொண்ணூற்றொன்று. மறுபடி எண்ணினோம். தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு மணியின் மூக்கிலிருந்தும் வெள்ளை வேர் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் ரஹீம் பாயின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டேன். பிறகுதான் இருவருக்கும் வெட்கமாகப் போனது.

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். மறுமுனையில் பால் சொசைட்டி இரைந்தது. கேன் உருளும் சத்தம், யாரோ அளவு கூப்பிடும் சத்தம். செயலாளர் என் பெயரைக் கேட்டதும் அத்தனை சத்தமும் அடங்கியது எனக்கே கேட்டது. பழனாத்தாள் போனை வாங்கினார்.

"சொல்லுங்கம்மணி."

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று, அக்கா."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "நூத்துக்குத் தொண்ணூத்தியொண்ணுங்க! நம்ம கடலைங்க!" ஒரே இரைச்சல். யாரோ, "வெளிய நிக்கறாரு பாரு, கூப்புடு, கூப்புடு" என்றார்கள். சின்னச்சாமி வந்திருக்கிறார். கடிதம் வந்த நாளிலிருந்து கால் வைக்காத இடத்துக்கு, வாசல் வரைக்குமாவது வந்திருக்கிறார்.

போன் சின்னச்சாமி கைக்கு மாறியது. நன்றி சொல்வார், இல்லையென்றால் சாப்பிட்டீங்களா என்பார் என்று நினைத்தேன்.

"மிச்சம் ஒம்பது இருக்குதுங்களே," என்றார். "அது ஏனுங்க மொளைக்கல?"

"தெரியாது அண்ணே."

"தூக்கிப் போட்டறாதீங்க," என்றார் அவசரமாக. "என்னன்னு பாத்துச் சொல்லுங்க. அடுத்த தைக்குள்ள எனக்குத் தெரியோணும்."

முளைத்த தொண்ணூற்றொன்றையும் ரஹீம் பாய் லாட்ஜுக்குப் பின்னால் மண்ணில் ஊன்றிவிட்டார். முளைக்காத ஒன்பதையும் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.